அக்குபஞ்சர்: வேலை செய்வது ஊசியா, கைராசியா?

வெண்ணாற்றங்கரை
அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்ட முட்டி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். தெருவில் யாரோ சொல்லி, கும்பகோணத்தில் ஒரு அக்குபஞ்சர்காரரிடம் வாரம் ஒரு தடவை கூட்டிப்போகிறேன். பெரியவர் நாடி பிடித்துக்கொண்டே பத்து நிமிஷம் பேசுவார். "நடவுக்குப் போன காலாச்சே, வரப்புல ஏறும்போது வலது காலைத்தானே முதல்ல ஊன்றுவீங்க?" என்று கேட்டார் பாருங்கள், அம்மாவுக்கு அப்போதே பாதி வலி போய்விட்டது.

நாலு வாரத்தில் படியேற ஆரம்பித்துவிட்டார். ஐந்தாவது வாரம் பெரியவர் ஊரில் இல்லை, மகன்தான் ஊசி போட்டார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், முட்டிக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒன்று, கணுக்கால் பக்கம் ஒன்று, எல்லாம் வழக்கமான இடங்கள்தான். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா சொல்லிவிட்டார், "அந்தப் புள்ளைக்குக் கைராசி இல்லைடா." அந்த வாரம் முழுக்க வலி. அடுத்த வாரம் பெரியவர் வந்தார், வலி போயிற்று. அப்படியானால் ஊசிக்கு என்னதான் வேலை?

திருவாரூர் பிசியோ
தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் ஜெர்மனியில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். முட்டித் தேய்மானம், இடுப்புவலி, ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி என்று நாலு ஆய்வுகளில் இருந்த 864 பேரிடம், இதனால் உங்களுக்குச் சரியாகும் என்று நினைக்கிறீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு உண்மையான புள்ளிகளில் ஊசி, மீதிப் பேருக்குப் பெயருக்கு ஒரு ஊசி. 2007இல் முடிவு வந்தது. நன்றாகக் குணமாகும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, சந்தேகத்தோடு வந்தவர்களைவிட வலி குறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் அம்மா பஸ்ஸில் சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

ஊசிமுனை
பதினெட்டு வருஷமாக மயிலாடுதுறைப் பக்கம் ஊசி போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்தால் அதே இடம்தான் தெரியும், எவ்வளவு ஆழம் போனது, எப்படித் திருப்பினார், உள்ளே அந்தக் கனத்த உணர்வு வந்ததா என்பதெல்லாம் தெரியாது. ஒரே தூள், ஒரே பித்தளை ஃபில்டர், அத்தை போட்டால் ஒரு காபி, மருமகள் போட்டால் ஒரு காபி. மகனுக்கு இன்னும் கை படியவில்லை, அவ்வளவுதான். எதிர்பார்ப்பு என்று ஒரு வார்த்தையைப் போட்டு ஒருவருடைய தொழிலையே மூடிவிடாதீர்கள்.

திருவாரூர் பிசியோ
கை படிவதுதான் விஷயம் என்றால் இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அதே ஜெர்மனி, நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபஞ்சர். இன்னொரு பிரிவுக்கு வேண்டுமென்றே புள்ளி இல்லாத இடத்தில், ஆழமில்லாமல் மேலோட்டமாக, திருப்பாமல் கொள்ளாமல் ஒரு குத்து. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், பொய் ஊசியில் 44.2. மருத்துவர்களே குத்தியும் இந்த லட்சணம். உங்கள் அத்தை காபியும் மருமகள் காபியும் ஒரே ருசி அண்ணே.

ஊசிமுனை
மூன்றாவது பிரிவை ஏன் முழுங்கிவிட்டீர்கள்? மாத்திரை, உடற்பயிற்சி, பிசியோ என்று வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 27.4 சதவீதம்தான் தேறினார்கள். பொய் ஊசியிடம்கூடத் தோற்றது உங்கள் பிசியோ! அதற்கப்புறம்தான் அங்கே முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் காப்பீட்டிலேயே அக்குபஞ்சரைச் சேர்த்தார்கள். இன்னொன்று, 2012இல் 29 ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், ஏறக்குறைய 18 ஆயிரம் பேர். அதில் உண்மை ஊசி பொய் ஊசியைவிட மேல் என்றுதான் வந்தது.

திருவாரூர் பிசியோ
மேல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் சின்னது. ஊசியே போடாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால்தான் பெரிதாகத் தெரிகிறது, என்ன காரணம் என்று நீங்களே யோசியுங்கள். அந்த 27.4க்கும் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. ஊசி ஆய்வு என்று கேள்விப்பட்டு ஆசையாக வந்தவரிடம், உங்களுக்கு ஊசி கிடையாது, பழைய வைத்தியம்தான் என்றால் முகம் எப்படி இருக்கும்? தோசை கேட்டு உட்கார்ந்தவனுக்கு உப்புமா வைத்த மாதிரி. ஏமாற்றமும் எதிர்பார்ப்பின் மறுபக்கம்தானே.

பழைய பஸ் ஸ்டாண்டு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தால் "ஒரு ஊசி போட்டு விடுங்க சார், நாளைக்கு நடவு இருக்கு" என்று அங்கேயே நிற்பார்கள். சத்து ஊசி போட்டதும் தெம்பாக நடந்து போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊசி என்ற சொல்லுக்கே இங்கே பாதிப் பலன் உண்டு. ஜெர்மனிக்காரனுக்கே இரண்டு மடங்கு என்றால் நம் ஆட்களுக்கு நாலு மடங்கு இருக்கும், இது என் சொந்தக் கணக்கு, யாரும் ஆதாரம் கேட்காதீர்கள்.

நீடாமங்கலம் அக்கா
நான் நம்பாமல்தான் போனேன், வீட்டுக்காரர் தொல்லை தாங்காமல். எனக்கும் முட்டிவலி குறைந்ததே! அதற்கு என்ன சொல்வீர்கள்? எங்கள் மாமா அவர் மாட்டுக்கு ஊசி குத்தி நொண்டல் சரியானதாகச் சொல்வார். மாட்டுக்கு என்ன எதிர்பார்ப்பு?

திருவாரூர் பிசியோ
மாட்டுக்கு இல்லை அக்கா, மாட்டுக்காரருக்கு இருக்கிறது. நொண்டல் குறைந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அவர்தானே?

உங்கள் விஷயத்துக்கு ஒரு கேள்வி. எந்த மாதம் போனீர்கள்? என்னிடம் முட்டிவலி, இடுப்புவலி என்று கூட்டம் வருவது குறுவை நடவின்போதும் சம்பா நடவின்போதும்தான். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் வைத்தியம் தேடுவார்கள். நடவு முடிந்து நாலு வாரம் சேற்றில் இறங்காமல் இருந்தால் சும்மா இருந்தாலே பாதி இறங்கும். அந்த நேரத்தில் யார் கையில் இருந்தோமோ அவருக்குப் பெயர். எனக்கும் அப்படிப் பெயர் கிடைத்திருக்கிறது, வேண்டாம் என்று சொன்னதில்லை.

நீடாமங்கலம் அக்கா
ஐப்பசியில் போனேன். சரி, நடவு முடிந்த சமயம்தான். ஆனாலும் என் வலியை மனப்பிரமை என்கிற மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

திருவாரூர் பிசியோ
அப்படிச் சொல்லவே இல்லை அக்கா. 1978இல் ஒரு சோதனை, கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் செய்தது. வலி மருந்து என்று சொல்லி, உள்ளே மருந்தே இல்லாத வெறும் மருந்தைக் கொடுத்தார்கள், சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நாலாக்சோன் கொடுத்தார்கள், அது மார்ஃபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும். குறைந்த வலி மறுபடி ஏறியது. அதாவது நம்பிக்கை வைத்தபோது உடம்பு தானே ஒரு வலிமருந்தைச் சுரந்திருக்கிறது. குறைந்தது நிஜமாகவே குறைந்ததுதான்.

ஊசிமுனை
அப்புறம் என்ன சண்டை? நாடி பிடித்துப் பத்து நிமிஷம் பேசுவதும் வைத்தியம்தான். 2008இல் குடல் எரிச்சல் நோயாளிகளிடம் பார்த்தார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு நிம்மதி, பேச்சில்லாமல் பொய் ஊசி போட்டவர்களில் 44, அதே பொய் ஊசியை அன்பாகப் பேசிப் போட்டபோது 62. இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதி அனுப்புகிற இடத்தில் இது கிடைக்குமா? பெரியவர் விற்பது இதைத்தான் என்றாலும் காசு கொடுக்கலாம் என்பேன்.

திருவாரூர் பிசியோ
வலிக்குக் கொடுக்கலாம். எங்கே கொடுக்கக்கூடாது என்பதற்கு 2011இல் வந்த ஆஸ்துமா ஆய்வைப் பாருங்கள். நிஜ மருந்தை உறிஞ்சியவர்களும், வெறும் மருந்தை உறிஞ்சியவர்களும், பொய் ஊசி குத்திக்கொண்டவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு "நல்லா இருக்கு" என்றார்கள். ஊதச்சொல்லி அளந்தால் நிஜ மருந்துக்காரர்களுக்கு மட்டும் 20 சதவீதம் மூச்சு கூடியிருந்தது. மற்ற இருவருக்கும் சுமார் 7, ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் அதே 7. வாய் சொன்னதை நுரையீரல் சொல்லவில்லை.

வெண்ணாற்றங்கரை
இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, இப்போது சொல்கிறேன். மூன்றாவது வாரமே பெரியவர் அம்மாவிடம், சர்க்கரை மாத்திரை இனி வேண்டாம், நாடி சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அம்மா எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். பிசியோ சார் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுக் காலை வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தேன், 286. "எனக்கு நல்லாத்தானே இருக்கு, உன் மெசின் கெட்டுப்போச்சு" என்கிறார்.

ஊசிமுனை
அடப்பாவமே. முதலில் டாக்டரைப் பாருங்கள் தம்பி. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எங்கள் ஆட்கள் யாருக்கும் கிடையாது. பெரியவர் யாராக இருந்தாலும் அது தப்பு. நான் முட்டிவலியைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

திருவாரூர் பிசியோ
நானும்தான் அண்ணே.

வெண்ணாற்றங்கரை
டாக்டரிடம் போய் வந்துவிட்டோம், மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. வியாழக்கிழமை ஊசிக்குப் போவாராம், அதில் மாற்றமில்லை. மாத்திரை டப்பாவை மட்டும் பையில் வைக்காதே என்கிறார். "அவரு பார்த்துட்டா மனசு வருத்தப்படுவாரு. அப்புறம் கைராசி போயிடும்."