விருந்துக்கு அழைத்துவிட்டு வாணலி விற்கலாமா?

கல்சட்டி (மதுரை)

சென்ற ஞாயிறு மாலை எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி அக்கா, "எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாம், வாருங்கள்" என்று அழைத்தார். எட்டுப் பேர் போனோம். ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது காய் சீவும் பலகை. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினேன். ஒன்றுபோல் மெல்லியதாக விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தோழி என்று அக்கா அறிமுகப்படுத்திய பெண் பையிலிருந்து விலைப்பட்டியலை எடுத்தார். மூன்றடுக்கு எவர்சில்வர் வாணலி 6,800 ரூபாய். அதுவரை கலகலவென்று இருந்த கூடம் அடங்கிப்போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டுப் பேரில் ஆறு பேர் ஏதோ ஒன்றை வாங்கினோம். நான் வாங்கியது 450 ரூபாய்க்கு ஒரு தோல் சீவி. வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.

கடைக்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. சாப்பாடு போட்டவரிடம் எப்படிச் சொல்வது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பை வைத்தே காசு பார்க்கிற வியாபாரம் இது. எனக்கு இது தவறு என்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அடுப்படி (கோவை)

ஆறு வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

பாத்திரக் கடையில் வாணலியைத் தூக்கிப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். அடுப்பில் வைத்துப் பார்க்க முடியுமா? எவர்சில்வரில் முட்டை ஒட்டாமல் வரவேண்டுமானால் முதலில் வெறும் வாணலியைக் காயவைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது சுரீரென்று சுண்டிப்போகாமல் பாதரசம்போல் உருண்டு ஓட வேண்டும். அதன் பிறகு தீயைக் குறைத்து எண்ணெய் விட வேண்டும். பெட்டியில் அச்சடித்துக் கொடுத்தால் இதை யார் படிக்கிறார்கள்? என் வீட்டு அடுப்பில் ஒருமுறை தன் கையால் செய்தவர் மறப்பதில்லை. இது தெரியாமல் கடையில் வாங்கி, இரண்டு முறை அடிப்பிடித்ததும் பரணில் போட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

டப்பர்வேர் வளர்ந்ததும் இப்படித்தான். ஏர்ல் டப்பர் 1946இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் அமெரிக்கக் கடைகளில் விலைபோகாமல் கிடந்தன. மூடியின் ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி அழுத்த வேண்டும் என்பது வாங்குபவர்களுக்குத் தெரியவில்லை. பிரௌனி வைஸ் என்ற பெண் வீடுகளில் விருந்து நடத்தி அதைச் செய்துகாட்டினார். 1951இல் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கையே எடுத்துவிட்டு, இனி வீட்டு விருந்தில் மட்டும்தான் விற்பனை என்று முடிவு செய்தது.

என் கணவருக்கு வேலை போன வருடம், பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தை இந்த வாணலிகளை விற்றுத்தான் கட்டினேன். ஏதோ ஏமாற்று வேலைபோல இதைப் பேசும்போது வலிக்கிறது.

கணக்குப்பிள்ளை (திருச்சி)

பிரௌனி வைஸ் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள் அம்மா. அத்தனை விற்பனையையும் தூக்கி நிறுத்திய அவரை 1958 ஜனவரியில் வெளியேற்றினார்கள். அதே வருடம் டப்பர் தன் நிறுவனத்தை 1.6 கோடி டாலருக்கு விற்றார். வைஸிடம் ஒரு பங்குகூட இல்லை. விருந்து நடத்தும் நம் ஊர்ப் பெண்களும் தங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பஜ்ஜிக்கு எண்ணெய், கேசரிக்கு நெய், ஒரு நாள் உழைப்பு எல்லாம் யார் செலவு?

அடுத்தது சட்டம். 2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கென்று, அதாவது கடை இல்லாமல் ஆள்வைத்து நேரில் விற்பதற்கென்று, நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. நேரடி விற்பனை நிறுவனத்தின் சார்பில் விற்பவர், பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனம், என்ன பொருள், எதற்காகப் பேசுகிறார் என்பதை உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. "உங்களுக்குத் தெரிந்த நாலு பேரைக் காட்டுங்கள், வாணலிக் காசு உங்களுக்குத் திரும்பிவிடும்" என்று ஆசை காட்டி விற்பதற்கும் தடை இருக்கிறது. கை கழுவிய பிறகு விலைப்பட்டியலை எடுப்பது எந்த வகையில் சேரும்?

தாமிரபரணி (நெல்லை)

சமையல் சோடாச் சோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் தெருவில் நடந்த விருந்தில், என் மாமியாரின் அலுமினியச் சட்டியில் சோடா கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு கரண்டி குடிக்கச் சொன்னார்கள். நாக்கு திரும்பிக்கொண்டது. அவர்கள் வாணலியில் கொதித்த தண்ணீர் அவ்வளவு மோசமாக இல்லை. "இத்தனை வருடம் இந்த விஷத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறீர்கள்" என்றார் அந்தப் பெண். மாமியார் அழுதுவிட்டார், 74 வயது.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். சோடாத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் காரத்தன்மை ஏறும். அலுமினியம் காரத்தோடு வினைபுரியும், ஆகவே அந்தச் சுவை வருகிறது. சோடாத் தண்ணீரைக் கொதிக்கவைத்து யார் வீட்டில் குடிக்கிறார்கள்? புளிக்குழம்புக்கு அலுமினியம் ஆகாது என்பது உண்மைதான். அது என் மாமியாருக்கு முன்பே தெரியும்; அவர் குழம்பு வைப்பது மண்சட்டியில். அந்த அலுமினியச் சட்டியில் அவர் காய்ச்சுவது வெந்நீர் மட்டும்.

வைகை (நியூஜெர்சி)

இங்கே இது சாதாரணம். வீட்டு விருந்துகளில் சமையல் சாமான் விற்கும் பாம்பர்ட் செஃப் நிறுவனத்தை 1980இல் தொடங்கிய டோரிஸ் கிறிஸ்டோபர் மனையியல் ஆசிரியையாக இருந்தவர். ஆயுள் காப்பீட்டின் மீது 3,000 டாலர் கடன் வாங்கி, சிகாகோ அருகே தன் வீட்டு நிலவறையில் சரக்கை அடுக்கிவைத்து ஆரம்பித்தார். 2002இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே அதை வாங்கிவிட்டது. எனக்கு வந்த அழைப்புகளிலெல்லாம் விற்பனை உண்டு என்று எழுதியே இருந்தது. வீட்டில் வைத்து 25 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கினால் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யவும் சட்டம் இடம் தருகிறது. நான் ஒருமுறை ரத்து செய்தேன். பணம் வந்துவிட்டது. பிறகு அந்தத் தோழியைக் கோயிலில் பார்த்தபோது தலை நிமிர முடியவில்லை. கல்சட்டி சொல்வது எனக்குப் புரிகிறது.

அடுப்படி (கோவை)

தாமிரபரணி டீச்சர், உங்கள் மாமியாரை அழவைத்தது மன்னிக்க முடியாத செயல். அந்தச் சோதனையை எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் வருடம் இரண்டு வீடுகளில் செய்துகாட்டியிருக்கிறேன். பிறகு விட்டுவிட்டேன், ஆனால் செய்தேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, செலவு என்னுடையதுதான். ஒரு விருந்துக்கு 900 ரூபாய் ஆகிறது. இரண்டு வாணலி விற்றால் கையில் ஏதாவது நிற்கும். கணக்குத் தெரியாமல் இந்த வேலையில் இல்லை. பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வரும் வேலையை எனக்கு யார் தரப்போகிறார்கள்?

கல்சட்டி (மதுரை)

அடுப்படி அக்கா, உங்களைப் புண்படுத்துவது என் நோக்கம் இல்லை. தண்ணீர்ச் சொட்டு விஷயத்தை நேற்று என் வாணலியில் செய்து பார்த்தேன்; முட்டை ஒட்டவில்லை. 44 வயதில் இதைக் கற்றுக்கொண்டேன், நன்றி.

நான் கேட்பது ஒன்றுதான். அழைக்கும்போதே "பாத்திர விற்பனை உண்டு, விலை இவ்வளவு" என்று எழுதுங்கள். விலைப்பட்டியலை முதலில் கொடுங்கள், இலையைப் பிறகு போடுங்கள்.

அடுப்படி (கோவை)

அப்படி எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

கல்சட்டி (மதுரை)

வரமாட்டார்கள் என்று உங்களுக்கே தெரிகிறது என்றால், இப்போது வருகிறவர்கள் எதை நம்பி வருகிறார்கள்?

அடுப்படி (கோவை)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நேற்றைய விருந்துக்கு விலையோடு அழைப்பு அனுப்பினேன். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வாங்கினார்கள். இந்த மாதம் வாடகைக்குக் கை கடிக்கும்; அதை மறைக்க விரும்பவில்லை.

வந்தவர்களில் ஒருவர் கால் மணி நேரம் வெண்டைக்காய் வதக்கினார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "கைப்பிடி சுடுகிறது, துணி இல்லாமல் இறக்க முடியவில்லை, எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, தயிர்சாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் அந்த வாணலியைப் பிடித்திருக்கிறார்கள். கைப்பிடி சுடுகிறது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.