வருஷத்துக்கு 50 புத்தகம்: வேலைக்குப் போய்க்கொண்டே முடியுமா?

அம்பை வாசகன்:
தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை ஜங்ஷன் வந்து போகிறேன். வாசிக்க ஒரு நாளைக்கு 40 நிமிடம் தேறும். வருஷத்துக்கு 50 புத்தகம் என்று இலக்கு வைத்தால் பிப்ரவரி தாண்டுவதில்லை. எனக்கு வேண்டியது மூன்று: கவனம் சிதறாமல் வாசிக்கப் பழகணும், நம்ம ஜில்லா வரலாறு தெளிவாகணும், ஆபீஸ் குறிப்புகளை நல்ல தமிழில் எழுத வரணும். எத்தனை புத்தகம் என்று எப்படி முடிவு செய்வது? எதில் தொடங்குவது? படித்தது ஏன் ஒரு மாதத்தில் மறந்துபோகிறது?

பாளை நூலகவாசி:
தம்பி, 50 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் யோசியுங்கள். எண்ணை வைத்துக்கொண்டு நேரத்தைத் தேடக் கூடாது. நேரத்தை வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு சிறுகதைத் தொகுப்பையும் ஒரு வரலாற்று நூலையும் எடுத்து, ஒவ்வொன்றையும் 20 நிமிடம் உங்கள் இயல்பான வேகத்தில் வாசித்துப் பக்கங்களை எண்ணுங்கள். உதாரணத்துக்குக் கதை 14 பக்கம், வரலாறு 8 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடத்தில் இடம் பிடிப்பது, எழுந்து இறங்குவது போக 30 நிமிடம்தான் நிற்கும். வாரம் 6 நாள் என்றால் 180 நிமிடம். அதாவது கதை 126 பக்கம், அல்லது வரலாறு 72 பக்கம். 200 பக்கக் கதைத் தொகுப்புக்கு ஒன்றரை வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அதே அளவு வரலாற்று நூலுக்கு ஏறக்குறைய 3 வாரம். மார்ச் கணக்கு முடிப்பு, ஆனித் தேரோட்டம், தீபாவளி, பொங்கல், கல்யாணம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் 8 வாரம் கழித்தால் கையில் 44 வாரம். 12 கதைத் தொகுப்புக்கு 19 வாரம், 8 வரலாற்று நூலுக்கு 22 வாரம் சற்றுக் கூடுதலாக. ஆக 20 புத்தகம், இரண்டு வாரம் மிச்சம். 20 குறைச்சலே இல்லை.

50 என்று வைத்தால் கை தானாக மெல்லிய புத்தகத்துக்குப் போகும். கனமானது அலமாரியிலேயே நின்றுவிடும். நீங்கள் கேட்ட வரலாறு அந்தக் கனத்தில்தான் இருக்கிறது.

பக்க எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தில் பல பதிப்பகங்கள் ‘கிரவுன் 1/8’, ‘டெமி 1/8’ என்று தாள் அளவும், எழுத்தின் புள்ளி அளவும் போட்டிருப்பார்கள். டெமி பெரிய தாள். எழுத்தளவு ஒன்றாக இருந்தால் ஒரு டெமி பக்கத்தில் கிரவுன் பக்கத்தைவிட நல்ல அளவு கூடுதலாக விஷயம் இருக்கும். அதனால் நாட்குறிப்பில் நிமிடத்தை எழுதுங்கள், பக்கத்தை அல்ல.

மேலப்பாளையம் அக்கா:
அண்ணாச்சி கணக்கு சரி. வரிசையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதல் மாதம் வரலாற்றைத் தொடவே வேண்டாம். சிறுகதை எடுங்கள். ஒரு கதை ஒரே உட்காரலில் முடியும், முடித்த நிறைவு மறுநாளும் உட்கார வைக்கும். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். போனில் வாசிப்பதானால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பு மாதிரி யூனிகோடு எழுத்தாக இருப்பதை எடுங்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் போனுக்கு ஆகாது. ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்தியே கண்ணும் பொறுமையும் போய்விடும்.

இரண்டாம் மாதம் வரலாறு. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு தமிழிலும் வந்திருக்கிறது. ஆனால் அதில் தொடங்கினால் பாளையக்காரர் பெயர்களிலேயே திணறுவீர்கள். சிறிய அறிமுக நூல் ஒன்றை முடித்துவிட்டு அதற்கு வாருங்கள். ஒரு தாளில் கையால் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்: பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், கயத்தாறு, நெற்கட்டும்செவல், பாளையங்கோட்டை. பக்கத்திலேயே ஆண்டு வரிசை: 1799 கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கு, 1801 பாளையக்காரர் போரின் முடிவு, 1908 வ.உ.சி. கைதும் நெல்லை எழுச்சியும். படிக்கப் படிக்க இடையில் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இன்னொன்று, பலருக்கும் குழம்புகிற இடம். பழைய நூலில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றால் இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் சேர்த்துத்தான். 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி. இது தெரியாமல் வாசித்தால் ஊர்கள் எல்லாம் இடம் மாறித் தெரியும்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டாம். பாளை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். குறிப்புதவிப் பிரிவு நூல்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், அவற்றுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்கணும். அம்பையில் கிளை நூலகம் போவதானால் வெள்ளிக்கிழமை விடுமுறை.

சந்திப்பிள்ளையார் முக்கு:
ரயில் இருக்கது நல்லதாப் போச்சு. பஸ்சுல வாசிக்காதீங்க தம்பி. எழுத்து அசையலன்னு கண்ணு சொல்லும், வண்டி ஆடுதுன்னு உள்காது சொல்லும், ரெண்டும் ஒத்துப்போகாம குமட்டும். காலைல நிக்க வேண்டி வந்தா ஒத்தக் கையில பிடிக்க கிரவுன் சைஸ் புத்தகம் வச்சுக்கிடுங்க. தடி டெமிய சாயங்காலம் உக்காந்து வாசிங்க.

மறக்குதுக்கு வழி சொல்லுதேன். சேரன்மாதேவி வரை வாசிங்க. அப்புறம் புத்தகத்த மூடிட்டு, பேட்டை வாரதுக்குள்ள, பார்க்காம மூணு வரி எழுதுங்க: என்ன சொல்லுதாரு, எதுல எனக்கு ஒப்புதல் இல்ல, எந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போகணும். புத்தகத்தப் பார்த்து எழுதுனா அது வெறும் நகல். மூடிட்டு ஞாபகத்துலருந்து இழுக்கும்போதுதான் விஷயம் நிக்கும். ஒரு வாரம் கழிச்சு அதே மூணு வரிய மறுபடி பார்க்காம சொல்லிப் பாருங்க. நூலகப் புத்தகத்துல பென்சில் கோடு போடக் கூடாது, துண்டுச் சீட்டுல பக்க எண் எழுதிச் செருகுங்க. போன் பைக்குள்ள, சத்தமில்லாம. மணி பாக்க கைக்கடிகாரம் போதும்.

அம்பை வாசகன்:
நன்றி அண்ணாச்சி, அக்கா. ஆபீஸ் எழுத்துக்கு என்ன செய்ய? பாதியில் பிடிக்காமல் போன புத்தகத்தை விட்டுவிடலாமா?

பாளை நூலகவாசி:
எழுத்துக்கு வாரம் ஒரு பத்தி. தெளிவான கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு பத்தியை இருமுறை வாசித்து, மூடிவிட்டு, அதே விஷயத்தை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அருகருகே வைத்துப் பாருங்கள். அவர் ஒரு வினையில் முடித்ததை நீங்கள் ‘செய்யப்பட வேண்டியதாக இருக்கிறது’ என்று நீட்டியிருப்பீர்கள். ஆபீஸ் குறிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த வால்தான். வெட்டிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கதைப் புத்தகத்தை 40 பக்கத்தில் விடலாம், குற்றமில்லை. வரலாற்றை ஒரு முழு அத்தியாயம் முடிக்காமல் விடாதீர்கள். முதல் பக்கங்களின் கடினம் பெயர்களால் வருவது, நடையால் அல்ல. விட்டதையும் நாட்குறிப்பில் காரணத்தோடு எழுதுங்கள். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் தேர்வு செய்யும் விதத்தை மாற்றணும்.

ஒரு வாரம் தவறிப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள். பிப்ரவரியில் நின்றுபோவது பெரும்பாலும் அந்தப் பாக்கியின் சுமையால்தான். கழித்து வைத்த 8 வாரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, திங்கள்கிழமை வழக்கமான 30 நிமிடத்திலிருந்தே தொடருங்கள்.