மாத்திரை தீர்ந்து 12 நாள், கீழே இறங்க வழியில்லை

தேயிலைக்காடு:
வணக்கம். வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன், வயது 38. நாலு வருஷமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண். அதற்கு முன் ஒரு வருஷம் மூலம் என்று சொல்லி லேகியம் தின்றதுதான் மிச்சம். கோவையில் கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா குழாய் விட்டு) பார்த்த பிறகே வியாதியின் பேர் தெரிந்தது. அதற்கு மெசலமின் மாத்திரை தினம் 2.4 கிராம். இங்கே கடையில் கிடைக்காது. பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். ஒரு நாள் கூலியும் போச்சு. அடைமழை, பிள்ளை ஃபீஸ் என்று தள்ளிப்போட்டு இப்படி ஆகிவிட்டது.

இப்போது நாளைக்கு ஐந்து தடவை வெளிக்குப் போகிறது, சளியும் ரத்தமுமாக. காட்டில் கக்கூஸ் ஏது? கூட வேலை செய்கிறவர்கள் பத்தடி தள்ளி நிற்க, செடி இடுக்கில் உட்காரணும், அட்டை வேறு ஏறும். ராத்திரி அதைவிடக் கொடுமை. கக்கூஸ் லைன் வீட்டுக் கடைசியில். சிறுத்தை நடமாட்டம் என்பதால் வீட்டுக்காரர் டார்ச்சோடு கூட வந்து நிற்பார். அவருக்கும் விடிந்தால் ஃபேக்டரி. அதனாலேயே சாயங்காலம் ஐந்துக்கு மேல் நான் ஒன்றும் சாப்பிடுவதில்லை.

போன தடவை கொடுத்த பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பத்து மாத்திரை மிச்சம் இருக்கிறது. போட்டுக்கலாமா? இடுப்பு வலிக்குத் தினம் டைக்ளோ போடுகிறேன், அதோடு சேர்ந்தால் ஒன்றும் ஆகாதே?

பழையகுடல்:
அக்கா, எனக்கு இதே வியாதி 14 வருஷமாக. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் பகீரென்றது. டைக்ளோவை இன்றே நிறுத்துங்கள். அந்த வகை வலி மாத்திரையே குடல் புண்ணைக் கிளப்பிவிடும். வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால். இடுப்பு வலிகூட இந்த வியாதியால் வரலாம், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிரட்னிசோலோனை நாமாகப் போடக் கூடாது. பத்து மாத்திரையில் ரத்தம் நின்ற மாதிரி இருக்கும், தீர்ந்ததும் திரும்பி வரும். அதிக நாள் போட்டால் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தணும். நான் ஒருமுறை சட்டென்று விட்டுவிட்டு எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன்.

மெசலமின் கட்டுப்படியாகாமல் நான் சல்ஃபாசலசினுக்கு மாறினேன். பழைய மருந்து, விலை குறைவு. சல்ஃபா அலர்ஜி இருந்தால் ஆகாது. இடையிடையே ரத்தப் பரிசோதனை, கூடவே ஃபோலிக் ஆசிட். சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயந்துவிடாதீர்கள். டாக்டரைக் கேட்டு மாறுங்கள்.

மூலிகைப்பிரியன்:
மாதுளைத் தோல் கஷாயம் ஒரு மண்டலம் குடிங்க, மாத்திரையே வேண்டாம்.

நர்ஸக்கா:
தம்பி, கஷாயத்தை நம்பி ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கி வந்தவர்களுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறேன். விடுங்கள்.

தேயிலைக்காடு, ஒரு நிமிஷம் முழுசா நாடி எண்ணிப் பாருங்கள். ரத்தத்தோடு ஆறு தடவையோ அதற்கு மேலோ போனாலோ, அதோடு காய்ச்சலோ, நாடி 90 தாண்டினாலோ, வயிறு உப்பி வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூலி பார்க்காதீர்கள்.

அதுவரை அரசின் இ-சஞ்சீவனியில் போனிலேயே டாக்டரிடம் பேசலாம், காசு கிடையாது. பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோவை போகும்போது இரண்டு மாத மருந்துக்கு, மருந்தின் பொதுப்பெயரில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பொள்ளாச்சியில் மக்கள் மருந்தகமோ முதல்வர் மருந்தகமோ, முதலில் போன் போட்டு இருப்பு கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பட்டினி வேண்டாம். குழைந்த சோறும் தயிரும் சாயங்காலம் ஐந்துக்கு முன்னாலேயே வயிறாரச் சாப்பிடுங்கள்.

தேயிலைக்காடு:
நாடி 84, காய்ச்சல் இல்லை. டைக்ளோவை அடுப்பில் போட்டாச்சு. செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். கண்டக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, வீட்டுக்காரர்தான் போய்ச் சொன்னார். முன் சீட் தருகிறார்களாம். அட்டகட்டியிலும் ஆழியாறிலும் நிறுத்துவதாக டிரைவர் அண்ணன் சொல்லியிருக்கிறார்.