80 வருஷத்து மயிலாப்பூர் வீடு, ஒயரிங் மொத்தமா மாத்தணுமா?

குளத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூர்ல தாத்தா கட்டின வீடு, எப்படியும் 80 வருஷம் இருக்கும், மேல மெட்ராஸ் டெரஸ், சுவர் பூரா தேக்குப் பட்டை அடிச்சு அதுமேல கிளிப் போட்டு ஓட்டின ஒயரிங். போன வாரம் ஹால் ஃபேன் மாத்தலாம்னு ஏறி ஒயர் வந்து சேர்ற சீலிங் ரோஸைக் கழட்டினா, ஒயர் மேல இருக்கிற ரப்பர் கை பட்டதுமே பொரி மாதிரி உதிருது, உள்ள கம்பி வெள்ளையா தெரியுது, அலுமினியமான்னு தெரியல. டேப்ப சுத்திட்டு இறங்கிட்டேன்.

மெயின்ல இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான், ரெண்டு இருக்கு. வாஷிங் மெஷினை ஈரக்கையோட தொட்டா அம்மாவுக்கு சுர்ருங்குது. ஃபிரிட்ஜ்லயும் முன்னாடி இருந்துச்சு, ஒருத்தர் வந்து பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போனாரு, அதுல இப்ப இல்ல.

ரெண்டு எலக்ட்ரீஷியன் வந்து பாத்தாங்க. ஒருத்தர் எல்லா சுவத்தையும் வெட்டி ஒயரை உள்ள பதிச்சு கன்சீல்டு பண்ணிடலாம்ங்கறார், இன்னொருத்தர் பட்டை நல்லாத்தானே இருக்கு, ஒயரை மாத்தி, ஃபியூஸுக்குப் பதிலா எம்சிபி (லோடு அதிகமானா தானா விழற சுவிட்ச்) போட்டா போதும்ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது? ஏசி ரெண்டு, கீசர் ஒண்ணு புதுசா வரணும். வீட்ல இருந்துகிட்டேதான் வேலை நடக்கணும், அம்மா நகர மாட்டாங்க.

பழைய ஸ்க்ரூட்ரைவர்:
தம்பி, கம்பி அலுமினியம் இல்ல. வெள்ளீயம் பூசின செம்பு. ரப்பர்ல கந்தகம் இருக்கும், அது செம்பை அரிக்கும்னு அந்தக் காலத்துல அப்படித்தான் பூசி வருவான். மெயினை ஆஃப் பண்ணிட்டு பிளேடால சுரண்டிப் பாருங்க, செவப்பு தெரியும். கம்பி இன்னும் நூறு வருஷம் வரும், மேல இருக்கிற ரப்பர் செத்துப் போச்சு, அவ்ளோதான். அதனால ஒயர் மொத்தமும் போயாகணும், அங்க ரெண்டு பேச்சே இல்ல.

ஆனா எனக்கு உதைக்கறது அந்த ஃபிரிட்ஜ். வீட்ல எர்த் இருக்கா, அதாவது லீக் ஆகிற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற ஒயர்? பட்டை ஒயரிங்ல பெரும்பாலும் கரண்ட் வர்ற ஃபேஸ், அது திரும்பிப் போற நியூட்ரல்னு ரெண்டே ஒயர்தான் ஓடும். எர்த்தே இல்லாத வீட்ல பத்து நிமிஷத்துல ஷாக்கை எப்படி நிறுத்தினார்? மெயின் ஆஃப், டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு, ஃபிரிட்ஜ் ப்ளக் பாயிண்டைக் கழட்டி ஒரு தடவை பாருங்க.

சிவில்காரன்:
கன்சீல்டு வேணாங்க. நான் ஒயரிங்காரன் இல்ல, ஆனா இந்த மாதிரி வீடு நாலஞ்சு பாத்துட்டேன். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், ஒரு இடத்துல உளி வெச்சா நாலடிக்கு பூச்சு பொத்துனு வந்துடும். குறுக்கால நீளமா காடி வெட்டினா சுவருக்கே ஆகாது. மேல டெரஸ்ல கை வைக்கவே விடாதீங்க, தேக்கு விட்டத்து மேல செங்கல்லை நட்டக்குத்தலா சுண்ணாம்புல அடுக்கின ஓடு அது, காங்கிரீட் மாதிரி துளை போட்டு பைப் இறக்க முடியாது. விட்டத்தோட பக்கவாட்டுலயே பைப்பையோ கேசிங் கேப்பிங்கையோ (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டை) ஓட்டிட்டு வாங்க. வெளியதான் தெரியும், தெரிஞ்சா என்ன, நாளைக்கு ஏதாவதுன்னா ஸ்க்ரூவைக் கழட்டி பாத்துக்கலாம்.

குளத்தங்கரை:
@பழைய ஸ்க்ரூட்ரைவர் சார், கழட்டிட்டேன். நியூட்ரல் பின்னுல இருந்து மேல பெரிய எர்த் பின்னுக்கு ஒரு விரக்கடை நீளத்துல கருப்பு ஒயர் வளைச்சு முடுக்கியிருக்கு. எர்த்துன்னு தனியா எந்த ஒயரும் வரல. வாஷிங் மெஷின் பாயிண்டுல எர்த் பின் சும்மா காலியா இருக்கு.

பழைய ஸ்க்ரூட்ரைவர்:
நெனச்சேன். முதல்ல அந்தத் துண்டை வெட்டிப் போடுங்க, எர்த் வர்ற வரைக்கும் ஃபிரிட்ஜை அந்தப் பாயிண்டுல சொருகாதீங்க.

ஏன்னா, நீங்க ரெண்டு ஃபியூஸ் கட்டைன்னீங்க. ஒண்ணு ஃபேஸ், இன்னொண்ணு நியூட்ரல், பழைய மெயின்ல ரெண்டுலயும் போடுவாங்க. 1956 ரூல்ஸ்லயே நியூட்ரல்ல ஃபியூஸ் கூடாதுன்னு வந்தாச்சு, வீட்ல யாரும் மாத்தல. இப்ப என்னிக்காவது நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போகுதுன்னு வைங்க. வீடே இருட்டாயிடும், அம்மா கரண்ட் போச்சுன்னு நெனச்சுப்பாங்க. ஆனா ஃபேஸ் உள்ள வந்துட்டுதான் இருக்கும், ஏதோ ஒரு லைட்டு வழியா நியூட்ரலுக்கு வந்து, அந்தக் கருப்பு ஒயர் வழியா ஃபிரிட்ஜ் பாடியில நிக்கும், 230 வோல்ட்டு. இருட்டுல தடவிட்டுப் போய் ஃபிரிட்ஜைத் தொட்டா... வேணாம் விடுங்க. வாஷிங் மெஷின் சுர்ருங்கறது எர்த் இல்லாததால வர்ற லீக்கேஜா இருக்கலாம், ஆனா அதையும் செக் பண்ணாம ஓட்டாதீங்க.

எம்சிபி போட்டா போதும்னவர்கிட்ட இதைக் கேளுங்க. எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது, ஆளைச் சாய்க்க ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கே போதும், 16 ஆம்பியர் எம்சிபி அசையக்கூட அசையாது. அதுக்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அவ்ளோ கரண்ட் வெளிய கசிஞ்சாலே சப்ளையை நிறுத்திடும். முதல் செலவு எர்த் குழி, ரெண்டாவது அது, மத்ததெல்லாம் அப்புறம். ஒயரு லைட்டுக்கு 1.5, ப்ளக்குக்கு 2.5, ஏசி கீசர் ஒவ்வொண்ணுக்கும் டிபில (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) இருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம். எல்லாத்தோடயும் பச்சை எர்த் ஒயர் போகணும். ரெண்டு ஏசி வர்றதால இபில லோடு ஏத்த எழுதிக் குடுங்க, லைசென்ஸ் இருக்கிற கான்ட்ராக்டரா பாத்துக்குங்க.

வேளச்சேரி மாடி:
ரெண்டு விஷயம். தரைத்தளம்னா ப்ளக்கையும் டிபியையும் உசரமா வைங்க, 2015 டிசம்பர்ல எங்க வீட்ல தண்ணி இறங்கியும் கீழ் பாயிண்ட் பாக்ஸுக்குள்ள சேறு காயவே இல்ல, 2023 மிக்ஜாம் அப்ப நாலடி மேல வெச்சதால தப்பிச்சோம். இன்னொண்ணு, ஆர்சிசிபி போட்ட மறுநாளே எங்களுக்கு டிரிப் ஆகிட்டே இருந்துச்சு. வந்த ஆளு அதைக் கழட்டி டைரக்டா குடுத்துடலாம்ங்கறார்! கடைசில பாத்தா ரெண்டு ரூமோட நியூட்ரலை ஒரே பெட்டில ஒண்ணா முறுக்கி வெச்சிருந்தாங்க, போன கரண்ட் வேற வழியா திரும்பினா ஆர்சிசிபி அதைக் கசிவுன்னு எடுத்துக்கும். பழைய ஒயர் கொஞ்சம் புது ஒயர் கொஞ்சம்னு கலந்தா இந்தத் தொல்லைதான்.

குளத்தங்கரை:
துண்டை வெட்டியாச்சு, ஃபிரிட்ஜ் நிறுத்தியாச்சு, பாலும் மாவும் எதிர்வீட்டு மாமி ஃபிரிட்ஜ்ல. அம்மாவுக்குக் கோவம், நல்லா ஓடிட்டிருந்ததை நோண்டிட்டேனாம். கேசிங் கேப்பிங்தான்னு முடிவு, பின்கட்டுல ஆரம்பிச்சு ஒவ்வொரு ரூமா. எர்த் குழிக்கு நாளைக்கு ஆள் வர்றார், கிணத்தடி பக்கம் தோண்டலாமா?

பழைய ஸ்க்ரூட்ரைவர்:
ஈரம் இருக்கிற இடம்தான் நல்லது, தோண்டுங்க. கிணத்துச் சுவரை விட்டு நாலஞ்சடி தள்ளி.