காங்கேசன்துறைத் துறைமுகத்திலிருந்து கிளிநொச்சி லொட்ஜுக்கு: வான் வாடகை கட்டுபடியாகவில்லை, வேறு வழி உண்டா?

கேள்வி (பரந்தன்)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியும் மாமாவும் ஒக்டோபர் கடைசியில் நாகபட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறைக்கு வருகிறார்கள். மாமி அப்பாவின் அக்கா, 1982இல் திருவாரூருக்குக் கட்டிக்கொடுத்தது. கடைசியாக ஊருக்கு வந்தது 2003இல். அப்போது கொழும்பில் இறங்கி, ஏ9 நெடுஞ்சாலை வழியாகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, களைத்துப்போய் வந்து சேர்ந்தார். இந்த முறை நேரே வடக்கில் இறங்குகிறார் என்று வீடே சந்தோஷத்தில் இருக்கிறது.

சிக்கல் இதுதான். எங்கள் வீட்டில் கழிப்பறை வெளியே, கொமட்டும் இல்லை. மாமிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, குந்தியிருக்க ஏலாது. அதனால் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் ஐந்து நாளுக்கு அறை பேசிவிட்டேன். அறை வாடகை பரவாயில்லை. ஆனால் துறைமுகத்திலிருந்து கூட்டிவர வான்காரர் 25,000 ரூபா கேட்கிறார். கப்பல் பிந்தினால் காத்திருப்புக்கு வேறு காசாம். இரண்டு பேரை ஒருமுறை கூட்டிவருவதற்கு இவ்வளவு கொடுக்க எங்களால் முடியாது.

பஸ்ஸில் கூட்டிவரலாமா? பெரிய பயணப்பைகளை என்ன செய்வது? ஓட்டோவில் முழுத் தூரமும் வர முடியுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கிளிநொச்சி நகர்)

முழுத் தூரமும் ஓட்டோவில் வேண்டாம் தங்கச்சி. எண்பது கிலோமீற்றர் அளவில் வரும். முழங்கால் நோகிறவர் காலை மடக்கியபடி அவ்வளவு நேரம் இருக்க மாட்டார். ஆனையிறவு வெளியில் காற்றும் சரியாக அடிக்கும். காசும் பெரிதாக மிஞ்சாது.

பதில் (மாங்குளம், வான் ஓட்டுகிறேன்)

அவர் ஏன் 25,000 கேட்கிறார் என்று முதலில் சொல்கிறேன், அப்புறம் குறைக்கிற வழி உங்களுக்கே தெரியும். கிளிநொச்சியிலிருந்து காங்கேசன்துறைக்கு வான் வெறுமையாகப் போகிறது. அந்த டீசலும் உங்கள் கணக்கில்தான். அதற்கு மேல் கப்பல் எத்தனை மணிக்கு வரும், குடிவரவு, சுங்கம் முடித்து ஆள் எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஒரு பகல் உழைப்பு போய்விடும் என்று பயந்து கூட்டிக் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து வாகனத்தைப் பிடித்தாலும் இதே கதைதான், அது கிளிநொச்சியிலிருந்து வெறுமையாகத் திரும்பும்.

ஆகவே எப்படியும் வடக்குப் பக்கம் போய்த் திரும்பும் வாகனத்தைத் தேடுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் வான். வன்னியிலிருந்து விடியப் போய் மதியத்துக்குப் பிறகு திரும்பும், இடையில் சும்மா நிற்கும். மற்றது, பலாலியில் சென்னை விமானத்துக்கு ஆள் இறக்க வரும் வான். பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் கொஞ்சத் தூரம்தான். இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறவருக்கு வருகிற காசு இலாபம், பாதிக்கும் குறைவாகவே பேசலாம். உங்கள் பக்கத்து வான் ஓட்டுநர்களிடம் திகதியைச் சொல்லி வையுங்கள், யாருக்காவது ஓட்டம் வரும்.

வருகிற பாதையையும் கேளுங்கள். யாழ் டவுனுக்குள் போகத் தேவையில்லை. சுன்னாகத்தால் திரும்பிப் புத்தூர் போய், அங்கிருந்து மீசாலையில் ஏ9க்கு ஏறலாம். தூரமும் குறையும், டவுன் நெரிசலும் இல்லை.

இன்னொன்று: முழுக் காசையும் முன்பே கொடுக்காதீர்கள். காத்திருப்புக்கு மணிக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டு போங்கள். துறைமுகத்தில் நின்று சண்டை பிடிக்கிற அந்தரம் வராது.

பதில் (பூநகரி)

எல்லோரும் வாகனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குத் திகதியைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. ஒக்டோபர் கடைசி என்றால் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிடும். இந்தக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, கடல் கொந்தளிப்பால் ஒரு கிழமைக்குள் நிறுத்தப்பட்டது. திரும்ப ஓடியது 2024 ஓகஸ்ட் 16இல். மாமிக்கு வயது போய்விட்டது. நாகபட்டினம் வரை வந்து திரும்பிப்போக வைக்காதீர்கள். முடிந்தால் செப்டெம்பருக்கு மாற்றச் சொல்லுங்கள். லொட்ஜிலும் திகதி மாறலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி கேட்டவர் (பரந்தன்)

பூநகரி அண்ணா, மிகவும் நன்றி. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நேற்று இரவே மாமாவுடன் கதைத்தேன், செப்டெம்பர் நடுப்பகுதிக்கு மாற்றுகிறார்கள். மாங்குளம் அண்ணா சொன்னபடி பலாலி ஓட்டம் உள்ள வானையும் தேடுகிறோம். அது சரிவராவிட்டால் ரயிலா பஸ்ஸா? துறைமுகத்துக்குத் தம்பி போவான்.

பதில் (முறிகண்டி)

என்னைக் கேட்டால் ரயில்தான். காங்கேசன்துறை நிலையம் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது. 2015 ஜனவரியில் பாதை திரும்ப அங்கே வரைக்கும் வந்தது. ரயில் புறப்படுவதே அங்கே என்பதால் பெட்டி வெறுமையாக நிற்கும். ஆறுதலாக ஏறி, நல்ல கதிரை பார்த்து இருந்து, காலை நீட்டலாம். கழிப்பறையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஏறினால் இந்த வசதி கிடையாது, சனம் நிறைந்துவிடும். மாமிக்கு அதுவே நல்லது.

ஆனால் நேரம் பொருந்த வேண்டும். கப்பல் பிந்தினால் ரயில் நிற்காது. அன்றைய நேரத்தை அரச தகவல் நிலையத்தின் 1919க்கு அடித்துக் கேளுங்கள், பழைய அட்டவணையை நம்பிப் போகாதீர்கள்.

பதில் (வவுனியா)

ரயில் தவறினால் பஸ். நான் அம்மாவை இப்படித்தான் கூட்டிவந்தேன். துறைமுகத்திலிருந்து யாழ் பஸ் நிலையத்துக்கு ஓட்டோ பிடியுங்கள், பதினெட்டுக் கிலோமீற்றர் அளவில் வரும். யாழ்ப்பாணத்தில் பிக்மி (ஃபோன் செயலியில் கூப்பிடுகிற ஓட்டோ) ஓடுகிறது. காங்கேசன்துறையில் வாகனம் கிடைக்காவிட்டாலும், அதில் காட்டுகிற தொகையைப் பார்த்துக்கொண்டு மற்ற ஓட்டோவுடன் விலை பேசலாம்.

பஸ்ஸை நிலையத்திலேயே ஏற வேண்டும். வழியில் கை காட்டி ஏறினால் நின்றுகொண்டுதான் வர வேண்டும், முழங்காலுக்கு அது ஆகாது. வவுனியா, கண்டி, கொழும்பு பஸ்கள் எல்லாம் கிளிநொச்சியால்தான் போகும். முல்லைத்தீவு பஸ் பரந்தனில் திரும்பிவிடலாம், உங்கள் வீட்டுக்குச் சரி, லொட்ஜுக்குச் சரிவராது. மன்னார் பஸ்ஸில் மட்டும் கேட்காமல் ஏறிவிடாதீர்கள். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு அது பூநகரி வழியாகப் போகிறது, கிளிநொச்சியைத் தொடாது. என் சித்தி அப்படி ஏறிப் பாலத்தில் போய்த்தான் தெரிந்துகொண்டார். பாவம், அழுதுவிட்டார்.

ஒரு பெரிய பையை விட இரண்டு சின்னப் பைகள் நல்லது, கதிரைக்குக் கீழே வைக்கலாம். பெரிய பை என்றால் அதற்கும் ஒரு கதிரைக் காசு கேட்கிறார்கள். நடத்துநரிடம் கரடிப்போக்குச் சந்தி என்று ஏறும்போதே சொல்லுங்கள், டவுனுக்கு முதலே வந்துவிடும். இந்திய ரூபாவை ஓட்டோக்காரரிடம் கொடுக்க வேண்டாம். முதல் நாள் செலவுக்குத் தம்பி கையில் நம் காசு இருக்கட்டும், மிச்சத்தை உரிமம் உள்ள நாணயமாற்றுக் கடையில் மாற்றலாம்.

கேள்வி கேட்டவர் (பரந்தன்), மூன்று கிழமைக்குப் பிறகு

வந்து சேர்ந்துவிட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

பலாலிக்கு ஆள் இறக்கப் போன ஒரு வான் கிடைத்தது, 9,000க்குப் பேசினோம். ஆனால் கப்பல் ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது, அந்த அண்ணாவுக்குப் பின்னேரம் வேறு ஓட்டம் இருந்தது. முன்காசு கொடுக்காததால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லாமல் அவர் போய்விட்டார். ரயிலும் போய்விட்டது. கடைசியில் வவுனியா அக்கா சொன்ன வழிதான் கைகொடுத்தது. துறைமுகத்திலிருந்து யாழ் பஸ் நிலையத்துக்கு ஓட்டோ 2,000 ரூபா. ஓட்டோவை மாவிட்டபுரம் கோயிலடியில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி மாமி இறங்கிக் கும்பிட்டாராம். பஸ் நிலையத்தில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வவுனியா பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் உள்ள கதிரையில் இருத்தித் தம்பி கூட்டிவந்தான். மூன்று பேருக்கும் பஸ் காசு ஆயிரத்துக்குள் முடிந்தது. மாமா வழி முழுக்கத் தூக்கம். மாமி மட்டும் ஆனையிறவு வந்ததும் எழும்பி நின்று பார்த்தார் என்று தம்பி சொன்னான். முழங்கால் நோவை அப்போது மறந்துவிட்டார் போல.

நான் கரடிப்போக்கில் காத்துக்கொண்டு நின்றேன். இருட்டுவதற்கு முன்னமே இறங்கிவிட்டார்கள்.

இப்போது ஒரே ஒரு கேள்வி மிச்சம். திரும்பிப் போகிற நாளில் நேரத்துக்குத் துறைமுகத்தில் நிற்க, கொழும்பிலிருந்து வரும் இரவுத் தபால் ரயிலைக் கிளிநொச்சியில் பிடிக்கலாமா?

பதில் (முறிகண்டி)

பிடிக்கலாம் பிள்ளை. விடியப்புறம் வரும், காங்கேசன்துறை வரைக்கும் போகும். அன்றைக்கு ஓடுகிறதா என்று முதல் நாளே 1919இல் கேளுங்கள். மாமியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்தால் வீட்டுக்கும் வரச் சொல்லுங்கள்.