பள்ளத்தூர் வீடு குரூப்: ஒரே சார்ஜர் எல்லா பேட்டரிக்கும் ஆகுமா?

[காலை 9:12] பெரியப்பச்சி: அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல முன்னோருக்குப் படைப்பு. சாயங்காலம் கரண்ட் போனா இரண்டாங்கட்டுலேர்ந்து கிணத்தடி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆகவே வீட்ல உள்ள டார்ச் எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேன். பேட்டரி பல தினுசா இருக்கு. கைக்குக் கிடைச்ச சார்ஜர் ஒண்ணே ஒண்ணு. எல்லாத்தையும் இதுலயே போடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லவும்.

[காலை 9:13] பெரியப்பச்சி: 📷 படம்

[காலை 9:15] நான்: பெரியப்பச்சி, படத்துல உங்க கட்டைவிரலும் ஆத்தங்குடி டைல்ஸும்தான் தெளிவா இருக்கு 😄

[காலை 9:16] சித்தப்பா: உள்ள உக்காந்தா போட்டுற வேண்டியதுதானண்ணே. பச்சை லைட் வந்தா எடுத்துருங்க. இதுக்கு என்ன ஆராய்ச்சி?

[காலை 9:21] சிக்ரி தம்பி: போட்டுறாதீங்க பெரியப்பச்சி!! கிளாஸ்ல இருக்கேன். 11 மணிக்கு வாரேன். அதுவரைக்கும் எதையும் சொருக வேண்டாம்.

[காலை 9:22] சித்தப்பா: ஆராய்ச்சிக்கு ஆள் வந்தாச்சு. காரைக்குடி சிக்ரி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல படிக்கிற ஆளாச்சே

[காலை 9:30] ஆச்சி: வெள்ளிக்கிழமைக்கு எத்தனை இலைன்னு இன்னும் பாதிப் பேர் சொல்லல. பேட்டரி அப்புறம். இலைக் கணக்கு முதல்ல.

[காலை 9:31] நான்: நாங்க நாலு பேரு ஆச்சி. வியாழன் ராத்திரியே வந்துருவோம்.

[காலை 11:04] சிக்ரி தம்பி: வந்துட்டேன். பெரியப்பச்சி, சார்ஜர் பின்பக்கம் பொடி எழுத்துல அவுட்புட்னு போட்டிருக்கும். அந்த வரியை அப்படியே டைப் பண்ணுங்க. அப்புறம் ஒவ்வொரு பேட்டரி மேலயும் என்ன எழுதியிருக்குன்னு, ஒரு எழுத்து விடாம.

[காலை 11:19] பெரியப்பச்சி: அப்பத்தாவோட பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். சார்ஜர்: இன்புட் 100-240 வோல்ட். அவுட்புட் 4.2 வோல்ட், 500 எம்.ஏ. ஒரு பேட்டரி மட்டும் வைக்கிற மாதிரி. தலையில மாட்டுற டார்ச்சோட வந்தது.

[காலை 11:24] பெரியப்பச்சி: பேட்டரிகள்:
தலை டார்ச்: ஐ.என்.ஆர் 18650, 3.6 வோல்ட், 2600 எம்.ஏ.எச்.
புது நீள டார்ச்: 21700, 3.6 வோல்ட், 5000 எம்.ஏ.எச்.
பேனா டார்ச்: 14500, 3.7 வோல்ட், 800 எம்.ஏ.எச்.
வாசல் சோலார் விளக்குல இருந்து கழட்டினது ரெண்டு: ஐ.எஃப்.ஆர் 18650, 3.2 வோல்ட்.
அப்புறம் சந்தையில வாங்கினது ஒண்ணு, சிவப்புக் கலர்: 18650, 9900 எம்.ஏ.எச். இதுதான் இருக்கிறதுலயே பவர் கூடுனது.

[காலை 11:26] சிக்ரி தம்பி: அந்த சோலார் விளக்கு பேட்டரிக்காகத்தான் காலையில கத்தினேன். படத்துல பச்சை உறை பார்த்ததுமே சந்தேகம்.

[காலை 11:27] சித்தப்பா: அதுவும் 18650, இதுவும் 18650. அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. என்ன வித்தியாசம்?

[காலை 11:31] சிக்ரி தம்பி: 18650ங்கிறது உடம்பு அளவு மட்டும்தான் அப்பச்சி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதே மாதிரி 21700னா 21க்கு 70. 14500னா 14க்கு 50. உள்ள என்ன மருந்து இருக்குன்னு அந்த நம்பர் சொல்லாது. அதுக்கு முன்னாடி இருக்கிற எழுத்துதான் சொல்லும். ஐ.என்.ஆர்னா நிக்கல் கலந்தது, ஐ.சி.ஆர்னா கோபால்ட், ஐ.எஃப்.ஆர்னா இரும்பு பாஸ்பேட்.

[காலை 11:33] சிக்ரி தம்பி: நிக்கல், கோபால்ட் ரெண்டும் 3.6 இல்லன்னா 3.7 வோல்ட்னு எழுதியிருக்கும், முழுசா ஏறினா 4.2. இரும்பு பாஸ்பேட் 3.2னு எழுதியிருக்கும், 3.65ஓட நிறுத்திரணும். பெரியப்பச்சி கையில இருக்கிற சார்ஜர் 4.2 வரைக்கும் தள்ளும். பாஸ்பேட்டை அதுல போட்டா 3.65ல நிறுத்த ஆள் கிடையாது. சூடாகும், உள்ள வாயு சேரும், ஆயுசு போயிரும்.

[காலை 11:34] நான்: ஆனா உள்ள அழகா உக்காரும்.

[காலை 11:34] சிக்ரி தம்பி: அதான் வம்பே. உக்காராத பேட்டரியால ஆபத்து இல்ல.

[காலை 11:36] பெரியப்பச்சி: ஆக அந்தப் பச்சை ரெண்டும் இந்த சார்ஜருக்கு ஆகாது. தனியா எடுத்து வச்சாச்சு. திரும்ப சோலார் விளக்குலயே மாட்டிடவா?

[காலை 11:36] சிக்ரி தம்பி: அதுதான் சரி. விளக்குக்குள்ளயே அதுக்கான சார்ஜிங் இருக்கு. வெயில்ல வச்சாப் போதும்.

[காலை 11:38] சிக்ரி தம்பி: தலை டார்ச் 18650 தாராளமா போடுங்க. அதுக்குன்னே வந்த சார்ஜர். எம்.ஏ.எச்ங்கிறது பேட்டரி எவ்வளவு கொள்ளும்னு, எம்.ஏ.ங்கிறது சார்ஜர் எவ்வளவு வேகமா ஏத்தும்னு. 2600ஐ 500ல ஏத்தணும்னா ஆறு மணி நேரம் பக்கம் ஆகும். கடைசியில மெதுவாத்தான் ஏறும், 4.2 தொட்டதும் கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்தும். லைட் இன்னும் சிவப்பாவே இருக்கேன்னு உருவிப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டாம்.

[காலை 11:40] பெரியப்பச்சி: நீளமானது உள்ள போக மாட்டேங்குது. ஸ்பிரிங்கை இழுத்தும் பார்த்துட்டேன்.

[காலை 11:41] சிக்ரி தம்பி: அமுக்காதீங்க!! உறை கிழிஞ்சா ஷார்ட் ஆகும். மேல் விளிம்புல உறைக்கு அடியில பாசிட்டிவும் நெகட்டிவும் ரொம்பப் பக்கத்துல இருக்கும்.

[காலை 11:42] சிக்ரி தம்பி: அந்த டார்ச் கழுத்துல ரப்பர் மூடி ஏதாவது இருக்கா? நகத்தால நெம்பிப் பாருங்க.

[காலை 11:47] பெரியப்பச்சி: அட. உள்ள போன் சார்ஜர் குத்துற மாதிரி ஓட்டை இருக்கு!

[காலை 11:47] சிக்ரி தம்பி: முடிஞ்சது. பேட்டரியைக் கழட்டவே வேண்டாம். டார்ச்லயே டைப்-சி குத்துங்க.

[காலை 11:48] அண்ணமிண்டி: அத சொல்ல ரெண்டு மணி நேரம் 😂

[காலை 11:52] சித்தப்பா: போன் சார்ஜர்லயே ஏறும்னா, வயரை வெட்டி நேரா பேட்டரிக்கு ரெண்டு முனையிலயும் வச்சா ஆகாதா? நம்ம காயில் வைண்டிங் கடைக்காரர் அப்படித்தான் பண்றாரு.

[காலை 11:54] சிக்ரி தம்பி: அப்பச்சி 🙏 போன் சார்ஜர் கொடுக்கிறது 5 வோல்ட். டார்ச்சுக்குள்ள ஒரு சின்ன சர்க்யூட் அதை அடக்கி 4.2ல நிறுத்துது. நேரா கொடுத்தா அடக்க யாரும் இல்ல. அவர் கடையில தீயணைக்க மணல் வாளி இருக்கான்னு பாருங்க.

[காலை 11:58] ஆச்சி: பேனா டார்ச் எனக்கு வேணும். பூஜை சாமான் பெட்டகத்துக்குள்ள துழாவ அதுதான் சௌகரியம். அதைப் போடலாமா கூடாதா?

[மதியம் 12:02] சிக்ரி தம்பி: போடலாம் ஆச்சி. வோல்டேஜ் ஒத்துப் போகுது. இனி கரண்ட் பார்க்கணும். 800 எம்.ஏ.எச் பேட்டரிக்கு 400லேர்ந்து 500 வரைக்கும் சௌகரியம். இந்த சார்ஜர் 500தான். ஆனா அண்ணே போன தடவை கொண்டு வந்தாகளே, ரெண்டு பேட்டரி வைக்கிற கறுப்பு சார்ஜர், அதுல போடாதீங்க. அது ஒண்ணு மட்டும் வச்சா 2 ஆம்பியர், அதாவது 2000 எம்.ஏ. தள்ளும், ரெண்டு வச்சா ஆளுக்கு 1.

[மதியம் 12:04] ஆச்சி: சின்னக் குழியில பெரிய அகப்பையால மாவு ஊத்துற கதை. புரிஞ்சது.

[மதியம் 12:05] சிங்கப்பூர் அண்ணே: இப்பத்தான் பார்க்கிறேன். என் சார்ஜர் எங்க இருக்கு? அது நல்ல சார்ஜராச்சே.

[மதியம் 12:06] சிக்ரி தம்பி: நல்லதுதான் அண்ணே. பெரிய பேட்டரிக்கு நல்லது. 5000த்தை இந்தக் குட்டி சார்ஜர்ல போட்டா பதினோரு பன்னிரண்டு மணி நேரம் ஆகும், உங்களதுல மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும். பேனா டார்ச்சுக்கு மட்டும் வேண்டாம்.

[மதியம் 12:07] பெரியப்பச்சி: மெத்தை அறை அலமாரியில இருக்கணும். சாவி யார்ட்ட?

[மதியம் 12:07] ஆச்சி: என் இடுப்புல.

[மதியம் 12:10] நான்: பேனா டார்ச் பேட்டரியும் டி.வி. ரிமோட் பேட்டரியும் ஒரே சைஸ் மாதிரி இருக்கே?

[மதியம் 12:13] சிக்ரி தம்பி: ஒரே சைஸ்தான், அதுதான் அடுத்த வில்லங்கம். ரிமோட்ல போடுறது ஒண்ணு 1.5 வோல்ட். ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2. இது 3.7. ரெண்டு 14500ஐ ரிமோட்ல போட்டா மூணு வோல்ட் எதிர்பார்க்கிற ரிமோட்டுக்கு ஏழுக்கு மேல போகும். திருப்பியும் அதே கதை: ரிமோட் பேட்டரியை இந்த லித்தியம் சார்ஜர்ல யாரும் வச்சிராதீங்க. கசியும், வெடிக்கவும் செய்யும்.

[மதியம் 12:14] அண்ணமிண்டி: அப்பத்தா ரேடியோவுக்கு யாரோ அதைத்தான் போடப் பார்த்தாக. பேர் சொல்ல மாட்டேன்.

[மதியம் 12:14] சித்தப்பா: நான் இல்ல

[மதியம் 12:20] பெரியப்பச்சி: சிவப்பு 9900 பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையேப்பா.

[மதியம் 12:22] சிக்ரி தம்பி: ஆச்சி கேக்குக்கு மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு வச்சிருக்காக இல்ல? அதுல தலை டார்ச் பேட்டரியையும் சிவப்பையும் தனித்தனியா வச்சு கிராம் சொல்லுங்க.

[மதியம் 12:31] ஆச்சி: தலை டார்ச்சுது 46. சிவப்பு 29. இது என்ன, உள்ள காத்தா?

[மதியம் 12:35] சிக்ரி தம்பி: கிட்டத்தட்ட அதுதான். நல்ல 18650 ஒண்ணு 45லேர்ந்து 50 கிராம் இருக்கும். நல்ல கம்பெனி செல்லே 3500ஐத் தாண்டுறது கஷ்டம். இந்த உடம்புக்குள்ள 9900 அடங்கவே அடங்காது. பெரிய உறைக்குள்ள சின்ன செல்லை வச்சு மிச்சத்துக்கு எதையாவது அடைச்சு விக்கிறாங்க. சில சமயம் பழைய லேப்டாப் செல்லுக்குப் புது உறை.

[மதியம் 12:36] பெரியப்பச்சி: 250 ரூபாய் கொடுத்தேன்.

[மதியம் 12:36] சித்தப்பா: ரெண்டு கிலோ கவுணி அரிசி வாங்கியிருக்கலாம்

[மதியம் 12:37] சித்தப்பா: இல்ல இல்ல, இப்ப கவுணி விலைக்கு ரெண்டு கிலோ வராது

[மதியம் 12:41] சிக்ரி தம்பி: அதை சார்ஜே பண்ணாதீங்க பெரியப்பச்சி. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதப்ப எத்தனை ஆம்பியர் தாங்கும்னு எதை வச்சுச் சொல்றது? ரெண்டு முனையிலயும் செல்லோ டேப் ஒட்டி எடுத்து வைங்க. குப்பையில போடாதீங்க, நான் வர்றப்போ வாங்கிக்கிறேன்.

[மதியம் 12:50] பெரியப்பச்சி: நம்ம ஊர்ப் பிள்ளை நம்ம ஊர்லயே இதைப் படிக்குது, அதுல எனக்கு சந்தோஷம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து அந்த ஆராய்ச்சி நிலையத்தை காரைக்குடிக்குக் கொண்டு வந்தாக. 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாக. 1953 பொங்கலன்னிக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வச்சாக. எங்க அப்பச்சி அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தாக.

[மதியம் 12:52] சிக்ரி தம்பி: அப்போ லித்தியம் அயன் பேட்டரி கடைக்கே வரல பெரியப்பச்சி. 1991லதான் சோனி விற்பனைக்கு விட்டுச்சு. அதுக்கு அடித்தளம் போட்ட மூணு பேருக்கு நோபல் கிடைச்சது 2019ல. அதுல ஜான் குட்இனஃப்ங்கிறவருக்கு அப்போ 97 வயசு.

[மதியம் 12:53] அப்பத்தா: 🎤 குரல் பதிவு (0:19)

[மதியம் 12:55] நான்: அப்பத்தா சொல்றாக: "97 வயசுல பரிசு வாங்குறவன் இருக்கான், எனக்கு 84 வயசுல ஒரு டார்ச் தர மாட்டேங்கிறீக."

[மதியம் 12:55] சிங்கப்பூர் அண்ணே: 😂😂 அப்பத்தாவுக்கு நான் ஒண்ணு வாங்கிட்டு வாரேன்

[மாலை 4:40] பெரியப்பச்சி: சீரியல் லைட் கட்ட கரண்ட்காரத் தம்பி வந்திருக்காரு. மீட்டர் வச்சிருக்காரு. வேற ஏதாவது பார்க்கணுமா?

[மாலை 4:44] சிக்ரி தம்பி: அருமை. டி.சி. வோல்ட்ல வச்சு பேனா டார்ச் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்க. ரொம்ப நாளா சும்மா கிடந்தது அதுதான்.

[மாலை 4:49] பெரியப்பச்சி: 3.31 காட்டுது.

[மாலை 4:50] சிக்ரி தம்பி: பிழைச்சது. 2.5க்குக் கீழ போயிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். தலை டார்ச் பேட்டரி ஏறி முடிஞ்சிருச்சா? பச்சை வந்திருந்தா அதையும் எடுத்து அளக்கச் சொல்லுங்க. பேட்டரி மட்டுமில்ல, சார்ஜர் யோக்கியமா இல்லையான்னு அதுல தெரிஞ்சிரும்.

[மாலை 5:38] பெரியப்பச்சி: இப்பத்தான் பச்சை வந்தது. 4.18.

[மாலை 5:40] சிக்ரி தம்பி: யோக்கியமான சார்ஜர். 4.15லேர்ந்து 4.20க்குள்ள இருக்கணும். 4.25ஐத் தாண்டியிருந்தா சார்ஜரையே தூக்கிப் போட வேண்டியதுதான். இனி பேனா டார்ச்சைப் போடுங்க. தரை மேலயே வச்சு, யாராவது பக்கத்துல இருக்கிறப்போ. மெத்தை, பாய், துணி மேல வேண்டாம். படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிருங்க.

[மாலை 5:41] ஆச்சி: பட்டாலையில தரையில வைக்கிறேன். பிள்ளைக கை படாம முக்காலியை கவுத்து வைக்கிறேன்.

[மாலை 5:42] சிக்ரி தம்பி: கவுக்காதீங்க ஆச்சி, காத்து வேணும் 😅

[மாலை 6:05] சிங்கப்பூர் அண்ணே: 3.65, 4.2 ரெண்டும் மாத்தி வைக்கிற மாதிரி, கரண்ட்டும் நாமளே தேர்ந்தெடுக்கிற மாதிரி சார்ஜர் இங்க பார்த்தேன். திரையில வோல்ட் காட்டுது. 21700, 26650 வரைக்கும் உள்ள போகும்னு போட்டிருக்கு. வாங்கவா?

[மாலை 6:07] சிக்ரி தம்பி: வாங்குங்க அண்ணே. சுவிட்ச் இருந்தாலும் பேட்டரி மேல இருக்கிறதைப் படிச்சுட்டுத்தான் மாத்தணும். சிலது தானாவே கண்டுபிடிக்கும்னு போட்டிருக்கும், பாஸ்பேட் விஷயத்துல அதை நம்பாதீங்க. கூடுதலா பாதுகாப்பு சர்க்யூட் வச்ச செல் வாங்கினா நீளம் மூணு நாலு மில்லிமீட்டர் கூடும், அதுவும் உள்ள போகுதான்னு பார்த்துக்கோங்க.

[மாலை 6:08] சிங்கப்பூர் அண்ணே: ரெண்டு 18650யும் சேர்த்து வாங்கிட்டு வாரேன்.

[மாலை 6:10] சிக்ரி தம்பி: செல்லை கைப்பையில வைங்க, பெரிய பெட்டியில போட்டு லக்கேஜ்ல விட்டா எடுத்துருவாங்க. பிளாஸ்டிக் டப்பாவுல, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம. சில்லறைக் காசு கிடக்கிற பையில போடாதீங்க.

[மாலை 6:11] ஆச்சி: எத்தனை இலைன்னு இன்னும் சிங்கப்பூர்லேர்ந்து பதில் இல்ல.

[மாலை 6:11] சிங்கப்பூர் அண்ணே: மூணு ஆச்சி.