பொலிவியாவில் திருவிழா நாளில் இருந்தவர்கள் எழுதுங்கள்

தெற்குவாசல்:
நவம்பர் 2, லா பாஸ் நகரை ஒட்டிய எல் ஆல்ட்டோவில் ஒரு கல்லறைத் தோட்டம். இறந்தவர்களை வரவேற்கும் தோதோஸ் சாந்தோஸ் விழா தெரிந்தவர்களுக்குப் படையல் மேசை, கரும்பு, குழந்தை வடிவத் தந்தவாவா ரொட்டி எதையும் விளக்க வேண்டாம். 1ஆம் தேதி நண்பகலில் வந்த ஆன்மா மறுநாள் நண்பகலில் திரும்பிப் போகும். நான் போனபோது மணி பதினொன்றரை. மண்மேட்டின் மேல் துணி விரித்து, ரொட்டியும் பழமும் அடுக்கி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைக் கைகாட்டி அழைத்தார். கணவரின் பெயரைச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். செபம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்பவர்களுக்கு ரொட்டி கொடுப்பார்கள். பிள்ளைகள் பையோடு ஒவ்வொரு கல்லறையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஸ்பானிஷில் ஒரு செபமும் தெரியாது. "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தமிழிலேயே ஆரம்பித்தேன். முடிவில் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். நான் ஆமென் என்றதும் அவரும் ஆமென் என்றார். ஆன்மா ஏறி இறங்க வைத்திருந்த ரொட்டி ஏணியை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார்.

ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பெயர் எனக்கு மறந்துவிட்டது.

மண்பானை:
என்னுடையது அலசீத்தாஸ், குட்டிச் சாமான்கள் விற்கும் விழா. ஜனவரி 24, லா பாஸ். வீட்டுக்கார அம்மாவோடு போனேன். விரல் நகம் அளவு சிமென்ட் மூட்டை, தீப்பெட்டிக்குள் அடங்கும் வீடு, குட்டிப் பணக்கட்டு, எல்லாம் பொம்மைச் சந்தைதான். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வாங்கியதற்கு ஆசி கொடுக்கும் பூசாரியான யதீரியைச் சூழ்ந்துகொண்டார்கள். புகை, பூவிதழ், சாராயம். அந்த அம்மா கையில் ஒரு குட்டிப் பெட்டியும் கடவுச்சீட்டும். மகன் அர்ஜென்டினாவில் இருந்தான். சந்தை இரைச்சல், யாரோ என் காலை மிதித்தார்கள், நான் சிரித்துவிட்டேன். அவர் புகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அவரைப் பார்த்துச் சிரித்தேன் என்று நினைத்திருப்பாரோ என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

ஏழாம்படி:
மண்பானை, பொம்மைச் சந்தை என்று எழுதாதீர்கள், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1781இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த துபாக் கத்தாரியின் படை லா பாஸை முற்றுகையிட்டு ஊரே பசியில் கிடந்ததோடு சேர்த்துத்தான் அங்கே இந்த விழாவின் கதையைச் சொல்கிறார்கள். இந்த விழாவின் வளத் தெய்வமான எகேகோ முதுகில் மூட்டை மூட்டையாகச் சுமப்பது அந்தப் பசிக்குப் பதில் என்றே நான் நினைக்கிறேன். அந்தக் குட்டிக் கடவுச்சீட்டு ஒரு வேண்டுதல், விளையாட்டுச் சாமான் இல்லை.

நான் பார்த்தது ஒருரோ நகரின் கார்னிவல் திருவிழா, சனிக்கிழமை ஊர்வலம். பல மணி நேரம் ஆடி வந்த தியாப்லாதா என்னும் பேயாட்டத்தின் ஓர் ஆட்டக்காரர், சொக்கவோன் மாதா கோயில் வாசலில் பேய் முகமூடியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டே உள்ளே போனார். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருரோ சுமார் 3,700 மீட்டர் உயரம். எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே. இறங்கியதும் ஓடாதீர்கள், முதல் நாள் படுத்திருங்கள், கொக்கா இலைத் தேநீர் குடியுங்கள், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். முடிந்தால் தாழ்வான சாந்தா குரூஸில் இறங்கி மெல்ல மேலே வாருங்கள். ஊர்வலப் பாதை 4 கிலோமீட்டர், ஆட்டம் 20 மணி நேரம் போகும், படிக்கட்டு இருக்கையை முன்பே பிடித்துவிடுங்கள். தண்ணீர் பலூனும் நுரையும் அடிப்பார்கள், கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறை அவசியம். திங்களும் செவ்வாயும் பொது விடுமுறை, கையில் பணம் வைத்திருங்கள். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கும் காருக்கும் காகித நாடா சுற்றிச் சாராயம் தெளிப்பார்கள், அது சல்லா. அழைத்தால் மறுக்காமல் போங்கள், முதல் துளியைத் தரையில் பூமித்தாயான பச்சமாமாவுக்கு ஊற்றிவிட்டுக் குடியுங்கள். அப்புறம், தெற்குவாசல், அடுத்த முறை பெயரைக் கைபேசியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல்:
எழுதியிருக்கலாம்தான். ஏணியில் ஐந்து படி இருந்தது, அது நினைவிருக்கிறது.

கரையோரம்:
நீங்கள் எல்லோரும் பெரிய விழாக்களைச் சொல்கிறீர்கள். எனக்கு மார்ச் 23தான் மறக்கவில்லை, கடல் நாள். 1879இல் அன்றுதான் பொலிவியாவின் எதுவார்தோ அபரோவா சிலிப் படையிடம் சரணடைய மறுத்து இறந்தார். சிலியோடு நடந்த அந்தப் போரில் பொலிவியா இழந்த கடற்கரை திரும்பவே இல்லை. கடலே இல்லாத நாடு இன்றும் கடற்படை வைத்திருக்கிறது, டிட்டிகாக்கா ஏரியில்.

லா பாஸில் அபரோவா சதுக்கத்தின் பக்கம் அணிவகுப்பு பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அடுத்து மாலுமித் தொப்பி போட்ட ஒரு சிறுமி, ஏழெட்டு வயதிருக்கும். எந்த ஊர் என்று அவள் பாட்டி கேட்டார். நாகப்பட்டினம் பக்கம், கடற்கரை ஊர் என்று சொன்னேன். சிறுமி அணிவகுப்பை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"கடல் உயூனி மாதிரி இருக்குமா?"

உயூனி உப்புவெளியை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிவானம் வரை தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். கொஞ்சம் அப்படித்தான், ஆனால் கடல் அசையும் என்றேன்.

"எப்போதுமா?"

"எப்போதும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராத்திரியும்?" என்று கேட்டாள்.